ஆறெழுத்து ஊரும் அமுங்கிய எழுத்தும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலையை வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போனால் சாணார்பட்டி வரும். அதைத் தாண்டினால் கோபால்பட்டி. இந்தத் தடத்தில் ஓடும் பேருந்துகளின் முகப்புப் பலகையை வெகுநாளாகப் பார்த்து வருகிறேன். ஊரைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல, எழுத்தைப் பார்ப்பதற்காக.

பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல்: தி, ண், டு, க், க, ல். ஆறு எழுத்து. சாணார்பட்டி: சா, ணா, ர், ப, ட், டி. அதுவும் ஆறு. கோபால்பட்டி: கோ, பா, ல், ப, ட், டி. அதுவும் ஆறுதான். தொல்காப்பியர் வழிவந்த கணக்கு இது. ஆனால் பலகை எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் எண்ணுவது இடத்தை அடைக்கும் துண்டுகளை. திண்டுக்கல்லுக்கு ஆறே துண்டு. துணைக்கால், கொம்பு எதுவும் கிடையாது. சாணார்பட்டியில் சகரத்துக்கு ஒரு கால், ணகரத்துக்கு ஒரு கால், ஆக எட்டு. கோபால்பட்டியில் இரட்டைக் கொம்பும் இரண்டு கால்களும் சேர்ந்து ஒன்பது. தகரப் பலகையின் நீளமோ மூன்று ஊருக்கும் ஒன்றுதான்.

திண்டுக்கல்லை விரித்து எழுதலாம். சாணார்பட்டியை ஒடுக்கி எழுத வேண்டும். கோபால்பட்டியை இன்னும் ஒடுக்க வேண்டும். ஒடுக்கினாலும் ஓடிவரும் பயணியின் கண்ணில் படவேண்டும், ஆகவே தடிப்பு குறையக் கூடாது. தடித்தும் ஒடுங்கியும் உயர்ந்தும் நிற்கிற இந்த எழுத்துவகை தமிழில் எப்படிப் பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, இன்று ஏன் பிளெக்ஸ் பேனர்களில் மூச்சுத் திணறிக் கிடக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

பெரிய தடித்த எழுத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் உண்டு: கொட்டை எழுத்து. “கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, கண்ணு தெரியலையா?” என்று கேட்காத வீடு இல்லை. ஒடுங்கிய கொட்டை எழுத்துக்குத்தான் தனிப்பெயர் இல்லை. பெயரில்லாத பொருளுக்குக் கவனிப்பும் குறைவாகவே இருக்கும்.

மேற்கில் இந்த வகை விளம்பரத்துக்காகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் வார்ப்படக்காரர்கள் புத்தக எழுத்தை விட்டுச் சுவரொட்டி எழுத்தின் பக்கம் திரும்பினார்கள். நுனிக்கட்டை இல்லாத முதல் லத்தீன் அச்செழுத்தை வில்லியம் காஸ்லான் 1816-இல் தன் மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, விலையும் தாங்காது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துகளை மொத்தமாக வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதனோடு வடிவப்படி வரையும் கருவியைச் சேர்த்தார். ஒரே மூலவடிவை வைத்து அகலமாகவும் ஒடுக்கமாகவும் வெட்டிக்கொள்ள வழி பிறந்தது. நாடகக் கம்பெனி, சர்க்கஸ், ஏலம், கப்பல் புறப்பாடு என்று ஒரு தாளில் பத்துச் செய்தி அடைக்க வேண்டியிருந்த காலம் அது. நீளமான வரிக்கு ஒடுங்கிய எழுத்து, குட்டி வரிக்கு விரிந்த எழுத்து. எல்லா வரியும் தாளின் இரு ஓரத்தையும் தொட்டு நின்றன.

அந்த வம்சத்தில் இன்று உலகமே அறிந்த பிள்ளை ‘இம்பாக்ட்’. ஜெஃப்ரி லீ வரைந்தார்; ஷெஃபீல்டின் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்படச்சாலை 1965-இல் வெளியிட்டது. பின்னால் விண்டோஸோடு ஒட்டிக்கொண்டு எல்லாக் கணினிக்குள்ளும் வந்துவிட்டது. அதன் சிறிய எழுத்துகள் பெரிய எழுத்துகளின் உயரத்தை எட்டிப்பிடிக்கும். எழுத்துக்குள் இருக்கும் வெளி ஒரு கீற்றுத்தான். லத்தீன் எழுத்து இப்படி நெருக்குவதைத் தாங்கும். ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்துக்கு நிற்கும் கோடு இரண்டு. மிகக் குண்டான ‘எம்’முக்கு நான்கு. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

தமிழுக்கு வருவோம். டகரத்துக்கு நிற்கும் கோடு ஒன்றே ஒன்று. பகரத்துக்கு இரண்டு. மூன்று சுழி ணகரத்தின் நடுவே இடமிருந்து வலமாக ஒரு நூலைப் பிடித்தால், வரைந்தவரைப் பொறுத்து ஐந்து இடத்திலோ ஆறு இடத்திலோ மை குறுக்கிடும். ஒரே ஊர்ப்பெயருக்குள் டகரமும் ணகரமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. திண்டுக்கல்லில் அப்படி, சாணார்பட்டியிலும் அப்படி. ஒற்றைக் கோட்டு எழுத்துக்கும் ஆறு கோட்டு எழுத்துக்கும் ஒரே கருமை வரவேண்டும் என்பதுதான் தமிழில் ஒடுங்கிய கொட்டை எழுத்து வரைகிறவரின் தலைவலி. இம்பாக்ட் வரைந்தவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

நம் எழுத்துக்குத் தடிப்பு என்பதே புது விஷயம். எழுத்தாணிக்கு ஒரே கனம். ஓலையில் கீறினால் கோடு எங்கும் ஒரே மெல்லிசாகத்தான் விழும். பெரிதாக எழுதலாம், ஆழமாகக் கீறலாம். தடிப்பாக எழுத முடியாது. அச்சு வந்த பிறகும் தமிழ் எழுத்தின் கவலை ஒடுக்கத்தைப் பற்றி இருக்கவில்லை, சிறுமையைப் பற்றி இருந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். அங்கே இடம் ஒரு பிரச்சினை இல்லை. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றை வைத்து விவிலியம் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே மிஷனரி சீகன்பால்குவோடு இருந்தவர்கள் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715-இல் முடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட் அந்தத் திசையிலேயே இன்னும் போனார். அவர் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதியின் (1862) பொடி எழுத்து இன்றைக்கும் கண்ணுக்கு இதமானது. முன்னூறு ஆண்டுக்கால உழைப்பு முழுவதும் வாசிக்கிற எழுத்துக்கே போயிற்று. பார்க்கிற எழுத்து அனாதையாக இருந்தது.

பார்க்கிற எழுத்துக்குத் தேவை தெருவிலிருந்து வந்தது. நாடக நோட்டீசு, திருவிழா நோட்டீசு, பிறகு செய்தித்தாள். அச்சுக்கூடங்களில் பெரிய தலைப்புக்கு மர எழுத்து வைத்திருந்தார்கள். இங்கே மதுரைக்குத் தனி இடம் உண்டு. சி. பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படிப் படிக்கிறவனுக்குச் சின்ன வாக்கியம் வேண்டும், பெரிய எழுத்து வேண்டும். தலைப்பு பக்கத்தின் குறுக்கே ஓடியது. செய்தியின் சாரத்தைத் தனித்தாளில் கொட்டை எழுத்தில் அடித்துக் கடை வாசலில் தொங்கவிடும் வழக்கமும் வேரூன்றியது. சாணார்பட்டி டீக்கடைக்கும் அந்தத் தாள் வருகிறது. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்காதவனும் அதைப் படித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவான்.

அந்தத் தாளில் ஒரு வரிக்கு இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. ஆனால் தமிழ்ச் சொல் சும்மா இருக்காது. வேற்றுமை உருபு ஒட்டும், வல்லினம் மிகும், ‘உள்ளாட்சித் தேர்தலுக்கு’ என்று நீளும். தலைப்பு எழுதும் உதவி ஆசிரியருக்கு இரண்டே வழி: சொல்லை வெட்டு, அல்லது எழுத்தை ஒடுக்கு. சொல்லை வெட்டும் கலையில் நம் பத்திரிகைகள் சூரர்கள். எழுத்தை ஒடுக்கும் கலை அவ்வளவாக வளரவில்லை என்பது என் எண்ணம். கிடைத்த எழுத்தை நீட்டினார்கள், குறுக்கினார்கள். வெவ்வேறு அகலத்துக்கென்று தனித்தனியே வரைந்து வார்த்த குடும்பம் ஒன்றைத் தமிழ் அச்சுக்கூடம் ஈயக்காலத்தில் வழக்கமாக வைத்திருந்ததில்லை.

இந்த இடத்தில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் கொண்டுவந்த மாற்றங்களில் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. அதுவரை ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனித்த கூட்டு வடிவம் இருந்தது. கால் தனியே நிற்காமல் எழுத்தின் வாலோடு சேர்ந்து கீழே சுருண்டிருக்கும். ணை, னை, லை, ளை நான்கும் தும்பிக்கை தூக்கிய யானை மாதிரி இருக்கும். புதிய முறையில் எல்லாம் பிரிந்து வரிசையில் நின்றன. அச்சுக் கோக்கிறவருக்குப் பெட்டியில் சில அறைகள் மிச்சம். தட்டச்சுக்கும் பின்னால் கணினிக்கும் இது பெரிய வரம். நான் இந்தச் சீர்திருத்தத்தின் கட்சிக்காரன்தான். ஆனாலும் ஒரு கணக்கு சொல்லப்படாமலே போய்விட்டது: அறையில் மிச்சம் பிடித்ததை வரியில் செலவழித்தோம். பழைய ணா போட்டு எழுதினால் சாணார்பட்டி ஏழு துண்டு. புதிய ணா போட்டால் எட்டு. தலைமையாசிரியர் என்ற சொல்லில் லை விரிந்தது. மன்னார்குடியில் னா விரிந்தது. வார்த்தைகள் அகலமான அளவுக்குப் பலகைகள் அகலமாகவில்லை. ஒடுங்கிய எழுத்தின் தேவை 1978-க்குப் பிறகு சற்றுக் கூடித்தான் இருக்கவேண்டும்.

அந்தத் தேவையை அச்சுக்கூடம் தீர்க்கவில்லை. சுவரில் எழுதுகிறவர் தீர்த்தார். தாளில் வரையாமல், வார்க்காமல், பெயர் வைக்காமல், சுவரிலேயே ஒடுங்கிய கொட்டை எழுத்தை உண்டாக்கினார். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், நீலப்பொடி தடவிச் சுண்டிவிட்டுக் கோடு. பிறகு அவர் செய்யும் காரியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கடைசி எழுத்தை முதலில் மனத்துக்குள் வைத்துவிட்டுத்தான் முதல் எழுத்தைத் தொடுவார். சாக்பீஸால் இலேசாகக் கட்டம் பிரிப்பார். கட்டங்கள் ஒரே அகலமாக இருக்காது. ணகரத்துக்குப் பெரிய கட்டம், துணைக்காலுக்குச் சின்னக் கட்டம், டகரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் பெரியது. பட்டையான தூரிகையை நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் நிற்கும் கோடு தடிப்பாக விழும். சுழிகளுக்குள் வரும்போது தூரிகையைச் சாய்த்து நுனியால் வளைப்பார். ஆகவே ணகரத்தின் உள்கோடுகள் வெளிக்கோடுகளைவிட மெலிந்திருக்கும். எட்டி நின்று பார்க்கிறவனுக்கு அந்த மெலிவு தெரியாது. எல்லா எழுத்தும் ஒரே கருப்பாகத் தெரியும். எழுத்து வரைவுக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிற விஷயம் இது. இவர் எனாமல் டப்பாவை ஏணியில் மாட்டிக்கொண்டு கற்றார்.

பட்டி என்ற பின்னொட்டு இவருக்குப் பெரிய ஒத்தாசை. டகரம் ஒரு மூலை மட்டம்: இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, வலப்பக்க மேல்மூலை வெறும் வெளி. விரித்து எழுதினால் அந்த வெளி பல் விழுந்த இடம் மாதிரி இளிக்கும். ஒடுக்கினால் ஓட்டை சிறுத்து எழுத்துக்கு அழகே கூடும். மிஞ்சும் வெளியில் புள்ளியையோ டிகரக் கொக்கியையோ இறக்கி வைத்துவிடலாம். ஆகவே திறமைசாலி ஓவியர் பட்டியில் மிச்சம் பிடித்து அதை ணாவுக்குக் கொடுப்பார். பட்டியில் முடியும் ஊர்கள் நிறைந்த திண்டுக்கல் சமவெளியில் இந்த மிச்சம் கொஞ்சநஞ்சமல்ல.

தேர்தல் வந்தால் சுவரே அவர் சொத்து. இந்த மாவட்டத்துச் சுவர்களுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1973 மே மாதத் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான் அ.தி.மு.க.வின் இரட்டை இலை முதன்முதலாகக் களத்தில் இறங்கி வென்றது. இலையை எழுத்தறியாதவரும் அறிவார். வேட்பாளர் பெயரையோ எழுதித்தான் காட்ட வேண்டும். மாயத்தேவர்: எண்ணிப் பாருங்கள், அதுவும் ஆறெழுத்து, எட்டுத் துண்டு. சாணார்பட்டியின் அதே கணக்கு!

இனி கணினிக் காலம். இதை நேரில் பட்ட கதையோடு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவு வட்டத்தில் ஒரு காதணி விழா. பத்துக்கு எட்டு அடியில் பேனர் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தாய்மாமன்கள் நால்வர், பெரியப்பா சித்தப்பாக்கள், பங்காளிகள், நண்பர் குழு என்று முப்பத்தேழு பெயர். கடையில் இருந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். சுறுசுறுப்பானவன். கோரல் டிராவில் பெயர்களைத் தட்டினான். வரி சட்டத்தைத் தாண்டி ஓடியது. எழுத்தின் வலப்பக்கக் கைப்பிடியைச் சுட்டியால் பிடித்து உள்ளே தள்ளினான். அடங்கிவிட்டது.

“தம்பி, எழுத்து நசுங்குதேப்பா.”

“பேரு எல்லாம் வரணும்ல சார்? அமுக்கித்தான் ஆகணும். கோடு மெலிசாத் தெரியுதா? ஒரு ஸ்ட்ரோக் குடுத்துர்றேன்.”

கொடுத்தான். மறுநாள் பேனர் பந்தலில் ஏறியது. அம்மாவின் தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “காதனின்னு போட்டிருக்கே, ரெண்டு சுழியா போட்டான்?” என்றார். போட்டது மூன்று சுழிதான். மூன்றில் ஒன்று அடைந்துபோயிருந்தது. அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. அவனுக்குக் கிடைத்த கருவி அவ்வளவுதான்.

நடந்தது என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எல்லாக் கோடும் ஒரே கனமுள்ள ஓர் எழுத்தை அகலத்தில் பாதியாக அமுக்கினால், நிற்கும் கோடுகளின் கனம் பாதியாகும். கிடக்கும் கோடுகளின் கனம் அப்படியே இருக்கும். அதாவது படுத்த கோடு நின்ற கோட்டைப்போல இரண்டு பங்கு தடிப்பு. டகரத்தின் கால் குச்சியாகவும் பாதம் கட்டையாகவும் ஆகும். ணகரத்தின் ஐந்தாறு நிற்கும் கோடுகளும் ஒன்றாக மெலிந்து, சுழிகள் கீற்றாகிவிடும். மெலிவைச் சரிசெய்ய எழுத்தைச் சுற்றிக் கரை கட்டினால் அந்தக் கனம் வெளியே மட்டுமல்ல, சுழிக்குள்ளும் ஏறும். டகரத்துக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே அடைய அதற்குச் சுழியே இல்லை. ணகரம் அடைபட்டுப் போகும். அமுக்குவது, கரை கட்டுவது என்று இரண்டு வைத்தியம். இரண்டும் சேர்ந்தால் நோயாளி பிழைப்பதில்லை.

சாணார்பட்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. ணாவின் காலை அடுத்து ர் வருகிறது. காலும் ரகரமும் அண்ணன் தம்பி. ரகரத்துக்கு அடியில் ஒரு சாய்ந்த பாதம் உண்டு, காலுக்கு இல்லை, வித்தியாசம் அவ்வளவே. புள்ளியோ கொக்கியோ ஏறிவிட்டால் குழப்பம் வராது என்பதால் ர், ரி, ரீ மூன்றிலும் பாதத்தை விட்டுவிடுவது பழைய அச்சு வழக்கம். பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் பலர் இன்றும் ர் என்பதற்குத் துணைக்காலைத் தட்டி மேலே புள்ளி வைத்துவிடுகிறார்கள். விரிந்த எழுத்தில் இது பாதகமில்லை. ஒடுங்கிய கொட்டை எழுத்தில் ‘ார்’ என்பது இரட்டைத் தூண் ஆகிவிடும். மேலே இருக்கும் புள்ளியும் வெயிலில் வெளுத்துவிட்டால் இரண்டு தூண்களில் எது எது என்று ஊர்க்காரருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் தடுமாறுவார். ஒடுங்கிய எழுத்தில் ரகரத்துக்குப் பாதம் கட்டாயம் என்பேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, அமுக்காமல் வரைவது எப்படி? முதலில் நிற்கும் கோட்டின் கனத்தை முடிவு செய்துகொள்வார்கள். அகலத்தைக் குறைக்கும்போது குறைவது எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை, கோடு அல்ல. வட்டமான சுழி நெட்டையான முட்டையாகும். ககரத்திலும் சகரத்திலும் கோடுகள் கூடும் முடிச்சுகளைக் கொஞ்சம் செதுக்கி மெலியவிடுவார்கள், இல்லாவிட்டால் அங்கே கறுப்பு தேங்கும். அமெரிக்கத் தொலைபேசிக் கையேட்டுக்கு 1978-இல் ‘பெல் சென்டெனியல்’ வரைந்த மேத்யூ கார்ட்டர், மை பரவும் மூலைகளில் வேண்டுமென்றே பள்ளம் வெட்டி வைத்தார். அச்சில் மை அந்தப் பள்ளத்தை நிரப்பி எழுத்தைச் சரியாக்கிவிடும். செய்தித்தாள் தாளில் அச்சாகும் தமிழ்த் தலைப்புக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நினைத்துப் பாருங்கள். நம்முடைய முடிச்சுகள் ஆங்கிலத்தைவிட எத்தனையோ மடங்கு. பிறகு ணகரம், ஞகரம், ஊகாரம் போன்ற குண்டு எழுத்துகளுக்கு மட்டும் அகலத்தில் சலுகை கொடுத்து, உள்கோடுகளை மெலியவைப்பார்கள். சுவர் ஓவியர் தூரிகையைச் சாய்த்துச் செய்த அதே வேலை.

இப்படி வரைந்த தமிழ் எழுத்துருக்கள் இப்போது இருக்கின்றன, அதுவும் இலவசமாக. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் மெல்லிசிலிருந்து மிகத் தடிப்புவரை ஒன்பது கனத்தில், வழக்கமான அகலத்திலிருந்து மிக ஒடுக்கம்வரை கிடைக்கிறது. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் வெளியிட்ட அனேக் குடும்பத்தில் தமிழும் ஒன்று. அதில் கனத்தையும் அகலத்தையும் தனித்தனியே நகர்த்திக்கொள்ளலாம். ஒடுக்கம் எழுபத்தைந்து, வழக்கம் நூறு, விரிவு நூற்றிருபத்தைந்து என்று அளவுகோல் இருக்கும். இந்த இரண்டையும் நேர்மையான ஒடுக்கம் என்று சொல்வேன். எழுத்தை அமுக்கவில்லை, மறுபடி வரைந்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் பலூ தம்பி தடிப்பு எழுத்துதான், ஆனால் கொழுகொழு விரிவு. காதணி விழாத் தலைப்புக்குப் பொருந்தும், முப்பத்தேழு பெயருக்கு ஆகாது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் ஒன்பது கனத்தில் அழகானது. பலகைக்கும் பத்திக்கும் நடுவில் இருக்கும் வேலைகளுக்கு அதைத்தான் எடுப்பேன்.

பிறகு ஏன் பேனர்க் கடைக்கு இவை போய்ச்சேரவில்லை? காரணம் வடிவத்தில் இல்லை, குறியீட்டில் இருக்கிறது. கடைகளின் கணினியில் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களே குடியிருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு தமிழ்த் துண்டும் ஓர் ஆங்கில விசையின் மேல் ஒட்டிய முகமூடி. சாணார்பட்டி என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஆர், எச், இசட், எச் என்று போகும் ஆங்கிலச் சரம். அதைத் தேர்ந்து அனேக் எழுத்துருவை மாட்டினால் முகமூடி கழன்று ஆங்கிலக் குப்பை தெரியும். பையன் பயந்து பழையதற்கே திரும்பிவிடுவான். அனேக் போன்றவை எதிர்பார்க்கும் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஏற்றுவிட்டது. கைப்பேசியில் அதே பையன் நாளெல்லாம் ஒருங்குறியில்தான் தட்டுகிறான். கடைக் கணினியில் மட்டும் தொண்ணூறுகள் ஓடுகின்றன. அங்கே இருக்கும் வார்ப்புகள், பழைய கோப்புகள் எல்லாம் அந்தப் பழைய குறியீட்டில் கட்டியவை. ஒரே நாளில் மாற்று என்று சொல்வது எளிது, சீசன் நேரத்தில் முதலாளி மாற்ற மாட்டார்.

ஒடுங்கிய கொட்டை எழுத்துக்கு எங்கே இடம், எங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேருந்துப் பலகை, கடைப்பெயர், செய்தித் தலைப்பு, பெயர்ப்பட்டியல் எல்லாம் அதன் வயல். தமிழும் ஆங்கிலமும் பிறமொழியும் 5:3:2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டில் கடைப்பலகை விதி. எட்டடி முகப்புள்ள கடையில் ‘எலக்ட்ரிக்கல்ஸ் அண்ட் ஹார்டுவேர்ஸ்’ என்பதைப் பாதிப் பலகை உயரத்துக்குத் தமிழில் எழுத வேண்டுமானால் ஒடுக்கத்தைத் தவிர வழியில்லை. நேர்மையான ஒடுக்கம் கைவசம் இல்லாத கடைக்காரர், தமிழை விட்டு ஆங்கிலத்தைப் பெரிதாக்கிவிடுகிறார். விதியை மீறுகிறவர்கள் எல்லாரும் தமிழை வேண்டாதவர்கள் அல்லர். சிலருக்கு எழுத்து அடங்கவில்லை. பத்தி பத்தியாக வாசிக்க வேண்டிய இடத்தில், மருந்துச் சீட்டில், அரசு அறிவிப்பின் உள்விவரத்தில் இந்த எழுத்து கூடவே கூடாது. இரங்கல் சுவரொட்டியில் காலமானவர் பெயருக்குப் போடலாம். அடியில் வருந்தும் ஐம்பது பேருக்கும் போட்டால் துக்கம் கூச்சலாகிவிடும்.

பேனரே வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் இறந்த பிறகு அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாலையை மறிக்கும் பேனருக்கு நல்ல எழுத்து போட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் பந்தலுக்குள்ளும் கடை நெற்றியிலும் பேருந்து முகத்திலும் எழுத்து இருந்துகொண்டுதான் இருக்கும். அரசுப் பேருந்துகள் பலவற்றில் தகரப் பலகை போய் மின்விளக்குப் பலகை வந்துவிட்டது. அதில் கோபால்பட்டி அமுங்குவதில்லை, ஓடுகிறது. முழுப்பெயரும் ஓடி முடிவதற்குள் பேருந்து போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

அடுத்த முறை ஒரு பேனரோ கடைப்பலகையோ அடிக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெயர்களைக் கைப்பேசியில் ஒருங்குறியில் தட்டி அனுப்புங்கள். அனேக் தமிழையோ நோட்டோ சான்ஸ் தமிழையோ இறக்கி, ஒடுங்கிய தடித்த வகையில் போடச் சொல்லுங்கள். இரண்டும் இலவசம், கடைக்காரருக்குச் செலவு கிடையாது. அடிப்பதற்கு முன் திரையில் ‘சாணார்பட்டி’ என்று தட்டச் சொல்லி நாலடி தள்ளி நின்று பாருங்கள். ணாவின் மூன்று சுழியும் திறந்திருந்து, ரகரத்தின் பாதம் தெரிந்தால் அடிக்கச் சொல்லலாம்.